சுடாத கல்

சித்திரை உச்சிவெயிலில் ஸ்ரீரங்கம் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும். தேங்காய்நார் விரிப்பு முடிகிற இடத்தில் பெரிய மனிதர்கள்கூடக் குதித்துக் குதித்து ஓடுவார்கள். போன வருஷம் நான் ஓடவில்லை. ஆடி அசைந்து நடந்தேன். நிழலில் நின்ற மாமி ஒருத்தர், “பாருங்கோ, பெருமாள் இவா காலைச் சுடாமப் பாத்துக்கறார்” என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கே.கே. நகரில் என் மாடி வீட்டுக்கு வந்து பார்த்தால் தரையெல்லாம் ஈரத் தடம். தண்ணீர் கொட்டிவிட்டது என்று நினைத்தேன். தடம் என் பின்னாலேயே வந்திருந்தது. உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து வழிந்திருக்கிறது. பெருமாளாவது, பார்த்துக்கொள்வதாவது. அவருக்கு ஆயிரம் வேலை.

ரிட்டயர் ஆகும்வரை பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் நான். மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து கை கால்களுக்கு ஓடுபவை புற நரம்புகள். உணர்வு நியூரான் சேதியை உள்ளே கொண்டுவரும், இயக்க நியூரான் கட்டளையை வெளியே கொண்டுபோகும், நடுவில் இரண்டையும் இணைக்க இன்னொரு வகை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லி என்ன, என் கால் மரத்துப்போனது எனக்கே தெரியவில்லை.

தென்னூரில் டாக்டர் சின்னப் பெண். கையில் ஒரு நைலான் இழை வைத்திருந்தாள். “கண்ணை மூடிக்குங்க. கால்ல இது படும்போதெல்லாம் சொல்லுங்க.” மூடிக்கொண்டு காத்திருந்தேன். பொறுமை போய், “ஆரம்பிங்கம்மா” என்றேன்.

“முடிச்சிட்டேங்க” என்றாள்.

சர்க்கரை செய்த வேலை. பாதத்தின் சேதியைக் கொண்டுவரும் நியூரானின் உடல் இடுப்புப் பக்கம், தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது. அதன் இழை கால்விரல் வரை நீள்கிறது. அவ்வளவு நீளமானது நுனியில்தான் முதலில் கெடும். “கட்டளை போற நரம்பு நல்லாருக்கு, அதான் நடக்கறீங்க” என்றாள் டாக்டர்.

“போனது திரும்ப வருமா?”

“பாக்கலாங்க.” அந்தப் பாக்கலாங்கவுக்கு அர்த்தம் தெரியாத வயசா எனக்கு? “வீட்ல யாரையாவது தினம் உள்ளங்காலப் பாக்கச் சொல்லுங்க. புண்ணு வந்தா உங்களுக்குத் தெரியாது. விட்டுட்டா விரலையே எடுக்க வேண்டி வரும்.”

வீட்டில் யார் இருக்கிறார்கள்? கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வெளிநாட்டில். போனில் “சாப்டியாம்மா” என்பான், “ஆச்சுப்பா” என்பேன். அவனிடம் போய் உள்ளங்காலைத் தூக்கிக் காட்ட மனசு வரவில்லை. தரையில் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முட்டி மடங்கவில்லை, கண்ணும் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன்.

நரம்பு மண்டலத்தில் நியூரான் மட்டும் இல்லை. கிளியல் செல்கள் என்று கூடவே ஒரு கூட்டம் உண்டு. இழைக்கு உறை போர்த்தும், ஊட்டும், குப்பையை அள்ளும். பாடத்தில் ஒரு வரி வரும். அதுகள் இல்லாமல் ஒரு நியூரானும் பிழைக்காது. எனக்கு அப்படி ஒரு துணைகூட இல்லையே என்று பொறாமையாக இருந்தது.

வெட்கத்தை விட்டுக் கீழ்வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் கணவனை ஷிஃப்டுக்கு அனுப்பிவிட்டு மேலே வந்தாள். “இதுக்குப் போயி இவ்ளோ யோசிச்சீங்களா டீச்சர்?” என்று என் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு மனசு கூசிற்று. விரல் இடுக்கெல்லாம் பார்த்தாள். புண் இல்லை என்றாள். பிறகு, நான் கேட்காமலே, தேங்காய் எண்ணெயைத் தொட்டு மெள்ளத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். என்னை ஒரு மனுஷி தொட்டு எத்தனை காலமாயிற்று. அவள் கட்டைவிரல் குதிகாலிலிருந்து மேலே போவதையும் இறங்குவதையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். காலில் ஒன்றும் தெரியவில்லை.

“இதமா இருக்கா டீச்சர்?”

“ரொம்ப இதமா இருக்கும்மா” என்றேன். இல்லை என்றால் கையை எடுத்துவிடுவாளே.