கட்டைகளுக்கு நடுவே ஒரு சுருதி

அரியலூரில் எங்கள் சபை எலக்ட்ரிக் கிடார் வாங்கியபோது அதை வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. நான் பெரம்பலூரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். ஒயரைக் கண்டு பயப்படாதவள் என்று என் கையில் கொடுத்தார்கள். பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "ஆராதனையா, கச்சேரியாங்க?" என்று பாஸ்டரிடமே கேட்டார்கள்.

"அறுப்பின் பண்டிகை வரைக்கும் வாசிக்கட்டும். சரிப்பட்டு வரலன்னா வித்துடலாம்" என்றார் அவர்.

எனக்கு இருந்தவை சில மாதங்கள், சுரத்தை முள்ளில் காட்டும் ஒரு சிறிய ட்யூனர், சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் நான்கு கார்டுகள். விரல் நுனிகள் முதலில் சிவந்தன, பிறகு உரிந்தன, பிறகு காய்த்துப்போயின. இடது கைக்குக் காபி டம்ளரின் சூடு தெரியாமல் போனது. பதற்றத்தில் கம்பியை அழுத்தும்போது பக்கவாட்டில் இழுத்துவிடுவேன். சுரம் கொஞ்சம் ஏறிவிடும். "கம்பிய ஏம்மா கயிறு மாதிரி இழுக்குற?" என்பார் கீபோர்டு அண்ணன். லாரி ஆபீஸில் வேலை பார்த்தவர், எதையும் சிரிப்பில்லாமல் சொல்லமாட்டார்.

ஆனால் என் உண்மையான சிக்கல் பாட்டை நடத்திய அக்கா. ஜெயங்கொண்டத்தில் டீச்சர். ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்து, தண்ணீர் குடித்து, கண்ணை மூடி, எங்கிருந்து தோன்றுகிறதோ அங்கிருந்து பாட்டை எடுப்பார். முதல் வரி முடிவதற்குள் நாங்கள் சுருதியைக் கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்ள வேண்டும். அண்ணனுக்கு ஒரு பட்டன் போதும், கீபோர்டே அந்தச் சுருதிக்கு மாறிவிடும். நான் விரல்களை நகர்த்தி முடிப்பதற்குள் பல்லவி போய்விடும்.

"அக்கா, சுருதி சொல்லிட்டு ஆரம்பிங்களேன்."

"எனக்கே தெரியாதத ஒனக்கு எப்படிடி சொல்றது? எல்லாரும் பாடுற எடமா பாத்துத்தான் வாயில வருது."

"பாப்பா, நிக்கிற பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கப் பாக்குற" என்றார் அண்ணன். "இது ஓடிக்கிட்டே வர்ற பஸ். தொத்திக்கணும்."

தொத்தப் பழகினேன். நான்கு கார்டுகள் போதவில்லை என்று கிடாரின் கழுத்து முழுக்க எங்கும் பிடிக்கக்கூடிய கார்டுகளைக் கற்றேன். அப்படியும் சில பாட்டுகளில் அண்ணனே கையை எடுத்துக் கட்டிக்கொள்வார். ட்ரம்ஸும் கைதட்டலும் மட்டும் ஓடும். "அக்கா கருப்புக் கட்டைக்கும் வெள்ளக் கட்டைக்கும் நடுவுல நிக்கிறாங்க. அங்க நமக்கு எடமில்ல" என்பார்.

அக்காவுக்குச் சுருதி விலகுகிறது என்றே நினைத்தேன். ஒரு சனிக்கிழமை பயிற்சியில் அவர் அப்படி ஒரு பாட்டை எடுத்தபோது ட்யூனரை ஸ்பீக்கர் அருகே பிடித்தேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவர் குரல் நீண்டு நிற்கும்போது, முள் இரண்டு சுரங்களுக்கு நடுவில் வந்து நின்றது. சரணத்திலும் அதே இடம். கடைசிப் பல்லவியிலும் அதே இடம். எங்கள் லேபில் அவ்வளவு அசையாத முள்ளை நான் பார்த்ததில்லை. கூடவே எந்த வாத்தியமும் இல்லாமல், எதையும் பிடித்துக்கொள்ளாமல், ஒரு மனுஷி அங்கேயே நிற்கிறார்.

அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்தார். "அப்ப அவங்க சரியாத்தான் நிக்கிறாங்க. நம்ம பொட்டிதான் அந்த ஸ்டாப்புல நிக்காது."

கீபோர்டு நிற்காது. ஆனால் கம்பியை இழுத்தால் சுரம் ஏறும் என்பது எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே. அதன்பின் வீட்டில் கார்டுகளை விட்டுவிட்டு அதையே பழகினேன். ஒரு கம்பி, ஒரு சுரம், கம்பியைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளினால் சுரம் எங்கே போய் நிற்கிறது என்று.

பண்டிகை அன்று மேடை ஓரம் பூசணி, கரும்புக்கட்டு, முந்திரி மூட்டை, கால் கட்டிய ஒரு கோழி. கேள்வி கேட்ட பெரியவர்கள் முன்வரிசையில். முதல் இரண்டு பாட்டுகளில் ஓரளவு தொத்திக்கொண்டேன். மூன்றாவதை அக்கா கட்டைகளுக்கு நடுவில் எடுத்தார். அண்ணன் பட்டனை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

முதல் வரி முழுவதும் கேட்டேன். வரியின் முடிவில் அக்கா மூச்செடுக்கும் இடத்தில் ஒரே ஒரு சுரத்தைத் தட்டி மெல்லத் தள்ளினேன். அது ஏறி அவர் விட்ட இடத்தில் போய்ச் சேர்ந்தது. அக்கா கண்ணைத் திறந்தார். அடுத்த வரியின் முடிவில், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தி எனக்கு இடம் விட்டார். அதன்பின் அவர் ஒரு வரி, நான் ஒரு சுரம். பெண்கள் பக்கம் மொத்தமும் பாடியது. எல்லாருக்கும் எட்டுகிற உயரம் அது. அவர் ஏன் அங்கே நின்றார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

ஆராதனை முடிந்து பூசணியை ஏலம் விட்டார்கள். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். என்ன சொல்வாரோ என்று பாஸ்டர் பக்கம் திரும்பவேயில்லை. அவரே வந்தார்.

"ஏம்மா, அடுத்த வாரம் அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் சன்னல் பக்கம் தள்ளி வை. முன்னாடி ஒக்காந்திருக்கவங்களுக்குக் காதுல இடிக்குதாம்."

"சரிங்க ஐயா" என்றேன்.