மாவு வரிசை டாக்டர்

"கொஞ்சம் குனிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, முன்னால் நிற்கும் தையல்காரரின் முதுகில் சட்டைக்கு மேலேயே விரலை ஊன்றுகிறாள். கழுத்தடியில் தொடங்கி ஒவ்வொரு எலும்பாகக் கீழே இறங்குகிறாள். உதடு மட்டும் அசைகிறது. இடுப்பருகே கணக்குத் தப்பி மறுபடி கழுத்துக்கே போகிறாள். தையல்காரர் பொறுமையாகக் குனிந்து நிற்கிறார். மாவுக் கடை இன்னும் திறக்கவில்லை. வரிசை தெருமுனை தாண்டி வளைந்து கிடக்கிறது.

அவள் மருத்துவக் கல்லூரி மாணவி. எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறாள். போர் தொடங்கியதும் மாணவிகள் விடுதியைக் காயம்பட்டவர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். கூடத் தங்கியிருந்த தோழி முதல் குண்டு விழுந்ததுமே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். இருட்டினால் மின்சாரம் கிடையாது. இருக்கிற மண்ணெண்ணெய் அடுப்புக்கே பற்றாது. பகலோ மாவுக்கும் கரிக்கும் தண்ணீருக்கும் நிற்பதிலேயே கரைகிறது. ஆகவே வரிசையையே வகுப்பறை ஆக்கிக்கொண்டாள். "நிக்கிறது எப்படியும் நிக்கணும்க்கா. சும்மா எதுக்கு நிக்கணும்?" என்பாள் என்னிடம்.

கூச்சம் அவளுக்கு அறவே கிடையாது. கரிக்கடைக்காரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பி அழுத்திப் பார்ப்பாள். முதலில் பைத்தியம் என்று ஒதுங்கியவர்கள் இப்போது தாமாகவே கையை நீட்டுகிறார்கள். தையல்காரர், தும்மினால்கூட, அவளிடம் கற்ற தோள்பட்டை எலும்பின் பெயரை வைத்து "ஸ்கேப்புலா பிடிச்சுக்கிச்சு டாக்டரம்மா" என்கிறார். யாராவது நடுவில் புகுந்தால் மட்டும் அவள் முகம் மாறும். ஆளின் முழங்கையைப் பிடித்து, கடைசிவரை நடத்திக்கொண்டு போய் நிறுத்திவிட்டுத்தான் திரும்புவாள்.

சோப்பு கிடைக்காமல் போனபோது பின்னலைத் தானே வெட்டிக்கொண்டாள். கண்ணாடி பார்க்காமல் வெட்டியதில் ஒரு காது தெரியும், ஒரு காது தெரியாது. அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். தொலைபேசியில் முடி தெரியாது என்றாள்.

சென்ற மாதம் தேர்வு. குண்டில் ஆய்வுக்கூடம் இடிந்து, ஒரு பெட்டி எலும்புகள்தான் மிஞ்சியிருந்தன. தேர்வாளர் அதிலிருந்து கூழாங்கல் போன்ற ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தாராம். பார்த்ததும் இவளுக்குக் கரிக்கடைக்காரம்மாவின் மணிக்கட்டுதான் கண்முன் வந்ததாம். அது மணிக்கட்டு எலும்பு என்று சொல்லித் தேறிவிட்டாள். அதை வரிசையில் சொன்னபோது கரிக்கடைக்காரம்மா தன் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள்.

மறுவாரமே அவள் அப்பாவின் நண்பர் லாரியுடன் வாசலில் வந்து நின்றார். சரக்கு இறக்கிவிட்டு ஊர் திரும்புகிறவர். அவளையும் கையோடு அழைத்துவர அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஆற்றுப்பாலத்தை எந்த நேரமும் மூடிவிடலாம் என்று பேச்சு. தேறியவர்களுக்கு அடுத்த ஆண்டுப் பாடமோ மருத்துவமனையிலேயே உடனே தொடங்க இருந்தது. அவள் மாடியேறினாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பயணப்பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். போகாதே என்று சொல்ல நான் யார்? சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா எங்கள் வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். பையைத் தோளில் மாட்டியபடியே இறங்கி வந்து பேசினாள். மறுமுனைக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"பரீட்சைதான் முடிஞ்சுதே. இங்க வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேன்டி."

"வந்தா திரும்ப அனுப்புவீங்களாம்மா?"



"மாட்டேன்" என்றார் அம்மா. பெண்ணிடம் பொய் சொல்ல வரவில்லை போலும்.

"அப்ப நான் இங்கேயே இருக்கேம்மா. படிச்சு முடிச்சுட்டு வரேன்."

அந்தப் பக்கம் அழுகை தொடங்கியது. அம்மா அழுது முடிக்கும்வரை இவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு வாசலுக்குப் போய் லாரிக்காரரிடம், "நீங்க கிளம்புங்க மாமா, நேரமாகுது" என்றாள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் வண்டி கிளம்பிப் போனது.

உள்ளே வந்தவள் பையை என் நாற்காலியில் தலைகீழாகக் கவிழ்த்தாள். துணிகள் சரிந்து விழுந்தன. நல்ல பை, உள்ளே வெளிர்நிறத் துணி வைத்துத் தைத்தது. அதை இரண்டு உதறு உதறிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்றைக்குக் கரி போடுகிறார்களாம், உங்களுக்கும் சேர்த்து இதிலேயே அள்ளி வரட்டுமா என்று கேட்டபடியே செருப்பைத் தேடினாள்.