கடைசி ஓவருக்கு ஒரு பதிலி

உழவர்கரையிலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில் போன வாரம் நின்றுகொண்டே வந்தேன். "கம்பியப் புடிச்சிக்கங்க பெரியவரே" என்றான் கண்டக்டர். ஐம்பத்து மூன்று வயதில் பெரியவர். போகட்டும். வலது கையைத் தூக்கினேன். காது வரைக்கும் வந்து நின்றுவிட்டது. இடது கைக்கு மாறிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து முன் சீட்டிலிருந்து தைல வாசனை வந்தது. யாரோ மூட்டுக்குத் தேய்த்துக்கொண்டு ஏறியிருக்கிறார்கள்.

அந்த வாசனையோடுதான் பதினோரு வருடம் மில்லுக்குப் போனேன். மில்லில் நான் பதிலி. இப்போது சொன்னால் பலருக்குப் புரிவதில்லை. தறிக்காரர் ஒருவர் வராவிட்டால் அன்றைக்கு அவர் இடத்தில் நிற்கிற ஆள். காலையில் கேட்டுக்கு வெளியே நாற்பது பேர் நிற்போம். உள்ளே ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வர வேண்டும். என் மனைவி அதை வாங்கிப் பார்ப்பாள். கனமாக இருந்தால் ஒன்றும் கேட்க மாட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கிரிக்கெட்டிலும் எனக்கு அதே பிழைப்புதான். மில் டீமில் பதினான்கு ஓவர் எல்லைக் கயிற்றோரம் சும்மா நிற்பேன். கடைசி ஓவருக்குக் கேப்டன் அந்தோணி கையைத் தட்டிக் கூப்பிடுவான். நான் குருசுக்குப்பம் கடற்கரையில் விளையாடிப் பழகியவன். மணலில் குத்திப் போட்டால் பந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஆடுகிறவனின் கால் விரலைப் பார்த்துப் போட மட்டும்தான் தெரியும். வேறு எதுவும் தெரியாததைத் திறமை என்று சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் உடம்பு சூடேறாமல் திடீரென்று வேகமாக வீசுவதைத் தோள் எத்தனை வருடம் பொறுக்கும்?

மேட்ச் இருக்கும் வாரங்களில் கேட்டில் என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பெர்மனென்ட் ஆக்குவது மட்டும் நடக்கவில்லை. டீமைப் பார்த்துக்கொண்ட வீவிங் மாஸ்டரிடம் அந்தோணி எனக்காக ஒருமுறை கேட்டான். "நீ ஃபிட்டரு, வந்துடுவே. அவனுக்கு ஒரு தறியக் குடுத்துட்டா அத நிறுத்திட்டு எப்படிப்பா மேட்சுக்கு வருவான்? இப்படியே இருக்கட்டும்" என்றாராம். நன்றாகப் போடப் போட, நான் கேட்டுக்கு வெளியேயே நின்றேன்.

ஒரு வருடம் எங்கள் மைதானத்திலேயே இறுதி ஆட்டம். எதிரே கனகசெட்டிக்குளம். கடைசி ஓவரில் அவர்களுக்கு எட்டு ரன் வேண்டும். அந்தோணி பந்தைக் கையில் வைத்து அழுத்தினான்.

"மேடையில பெரிய மேனேஜரு என்ன வேணும்னு கேப்பாரு. வேலைய நெரந்தரம் பண்ணுங்க சார்னு சொல்லு. இத்தன பேரு முன்னாடி மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

"நீயே சொல்லேன்டா."

"ஏன், உனக்கு வாய் இல்ல?"

ஐந்து பந்தில் ஐந்து ரன் போனது. ஆறாவது பந்தை விடும்போது தோளில் சுருக்கென்றது. ஆடியவனின் மட்டை தரையில்தான் மோதியது. குச்சி விழுந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மேடையில் பெரிய மேனேஜர் கோப்பையை என் கையில் கொடுத்தார். மைக்கை என் பக்கம் திருப்பி, "சொல்லுப்பா, உனக்கு என்ன வேணும்?" என்றார். அந்தோணி கீழிருந்து தலையை ஆட்டுகிறான். அந்த ஒரு வரியை ஓவர் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"தண்ணி, சார்" என்றேன்.

மைதானமே சிரித்தது. பன்னீர் சோடா வந்தது. எல்லோரும் பார்க்க முழுசாகக் குடித்தேன்.

"அந்தத் தடியன் மட்டையத் தூக்கிட்டு நின்னப்ப பயப்படல. இவரப் பாத்தா வாய் ஒட்டிக்கிச்சா?" சைக்கிளில் வரும்போது அந்தோணி சொன்னது அவ்வளவுதான். வீட்டில் கேட்டுவிட்டு மனைவி, "ஏன், தண்ணி நம்ம வூட்ல இல்லியா?" என்றாள்.

அதற்குப் பிறகு தோள் தேறவே இல்லை. தைலம், ஒத்தடம், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. அடுத்த வருடம் வேறொருவன் கடைசி ஓவர் போட்டான். கேட்டில் நான் நாற்பதில் ஒருவனாகப் பின்னால் போய் நின்றேன். பிறகு மில்லையே மூடினார்கள். நஷ்டஈடு கிடைக்கும் நிரந்தரத் தொழிலாளர் பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அந்தோணி என் பெயரை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை விரல் வைத்துத் தேடினான். இருக்காது என்று அவனுக்கும் தெரியும்.

அந்தோணி இப்போது பிரான்சில் மகள் வீட்டில் இருக்கிறான். தறிகளைப் பழைய இரும்புக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். மைதானத்தில் ஆள் உயரத்துக்கு முள். போன மாதம் ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு முதியவர் பேச்சுக் கொடுத்தார். அவரும் அதே மில்தானாம்.

"நீங்க எந்த டிபார்ட்மென்ட்டு?"

"பதிலிங்க."

"ஓ" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு மைதானத்தில் சிரித்தவர்களில் அவரும் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.