ஏலக்காய் கைபட்ட மோச்சி

காலை ஐந்து நாற்பது, கம்பம் ஊரில் சாரல். மாவு பிசைந்து பிழைப்பவர்களே, உங்களுக்குத் தெரியும்: மழைநாளில் மாவு நம் பேச்சைக் கேட்காது. ஜப்பானிய இனிப்பு மாவோ எந்நாளும் கேட்பதில்லை. அன்று தேனிக் கடைக்கு முதல் பெட்டிகளைக் கட்டும்போது பழையவை நினைவுக்கு வந்தன.

முதல் உருண்டை

மோச்சி என்பது பசையரிசி மாவுக்குள் இனிப்பு விழுது பொதிந்த மெல்லிய உருண்டை. கணினித் திரைவழியே ஒரு ஜப்பானிய ஆசிரியையிடம் கற்றேன். பசையரிசி கிடைக்காமல் இட்லி அரிசியில் முயன்றபோது, உருண்டையைத் தட்டில் வைத்ததும் கல்லைப்போல ஓசை எழுந்தது. கணவர் கடித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னார்: "கொழுக்கட்டைன்னு குடுத்திருந்தா நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேன்."

மொச்சைத் தோல்

விடவில்லை. பசையரிசியை வரவழைத்துக் கற்றதும் ஞாயிறுதோறும் வகுப்பு தொடங்கினேன். உள்ளே வைக்கும் விழுதுக்காக ஊறிய வெள்ளை மொச்சையை ஒவ்வொன்றாகத் தோலுரிக்கச் சொன்னதில் மற்றவர்கள் நின்றுவிட, எஞ்சியவர் காமயகவுண்டன்பட்டி முருகேஸ்வரி மட்டுமே. ஏலக்காய்க் குடோனில் தரம் பிரித்துக் கழுத்து வலி கண்டவர்; மோச்சி விற்றால் அவ்வேலையை விட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. மொச்சையின் மணம் மறையக் கூடாது, ஏலக்காய் கூடவே கூடாது என்பது என் சட்டம். அதைக் கேட்டு முருகேஸ்வரி திகைத்தார்: "ஏலக்காய் இல்லாம இனிப்பா? எங்க சாமியே தொடாது டீச்சர்."

தேனிக் கடை

நானும் முருகேஸ்வரியும் தனித்தனியே செய்த மோச்சிகளை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு சாரலோடு பேருந்து ஏறினோம். கடைக்காரர் என் மோச்சியைத் தின்று, "காய்ச்சக்காரவுகளுக்குச் செஞ்சதா டீச்சர்?" என்றார். முருகேஸ்வரியுடையதைத் தின்றதும், "ஏலக்காய் போட்டிருக்கியா ஆத்தா!" என்று மலர்ந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். "சத்தியமாப் போடல டீச்சர்" என்று உள்ளங்கையை நீட்டினார் அவர். முகர்ந்தேன். சோப்புக்கும் போகாத குடோன் மணம் அதில் இருந்தது. விளக்கத்தைக் கடைக்காரர் கேட்கவில்லை: "இந்த வாசம் இருந்தா தினமும் எடுத்துக்கிறேன், இல்லைன்னா பெட்டி திரும்பி வரும்."

திரும்பும் பேருந்து

"குடோனுக்குப் போனா மோச்சி செய்ய நேரமில்ல. போகலேன்னா வாசம் போயிரும். நான் என்ன செய்ய?" என்றார் முருகேஸ்வரி. "நாளை முதல் போகாதீர்கள். வாசத்துக்கு நான் பொறுப்பு" என்றேன். உத்தமபாளையம் தாண்டியதும் அவர் சிரித்தார்: "சட்டம் போட்டது நீங்கதான டீச்சர்?"

மறுநாள் காலை கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் அல்வாவை நகர்த்தி இடம் ஒதுக்கினார். முருகேஸ்வரி குடோன் வழியை விட்டு என் சமையலறைக்கு வந்து மொச்சை உரித்தார். நான் பசையரிசி மாவு டப்பாவுக்குள் ஒரு பிடி ஏலக்காயை வாசம் ஏறப் புதைத்து, என் ஜப்பானிய ஆசிரியையின் கண்ணில் படாதபடி கணினியை மூடிவைத்தேன்.