பெரியப்பாவின் கிரேக்கக் கட்டுமரம்

பெரியப்பா ஒரு பெரிய ஆங்கிலச் சொல்லை எடுத்துவிடப் போகிறார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முதலில் மூக்கில்தான் தெரியும். மடியிலிருந்து பொடிமட்டையை எடுத்துப் பிரித்து, இரண்டு துவாரத்திலும் ஏற்றிக்கொண்டு, துண்டை ஓங்கி உதறுவார். கூடமெங்கும் அந்தக் காரநெடி பரவி, அறைப்புரைக் களஞ்சியத்தில் நெல் அளந்துகொண்டிருக்கும் ஆள்கூடத் தும்முவான். தும்மல் அடங்கிய அமைதியில்தான் சொல் விழும். உழவுக்கு நடுவே வயலில் படுத்துவிட்ட மாட்டைப் பார்த்து ஒருமுறை "புஸிலானிமஸ்" என்றார். மாடு எழுந்திருக்கவில்லை.

அப்பாவுக்கு மூத்தவரான அவர், திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பிறர் எழுதியதைப் பார்த்து அப்படியே படி எடுப்பதுதான் அங்கே அவருடைய வேலை. அந்தக் காகிதங்களில் தமக்கு விளங்காத சொற்களையெல்லாம் மனப்பாடம் செய்து, அவற்றையே தம்முடைய படிப்பு என்று ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கூடவே வந்தது, சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு துரை கழித்துவிட்ட தடித்த அகராதி. அதைச் சிவப்புத் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். சரஸ்வதி பூஜைக்கு அதற்குச் சந்தனம் உண்டு. மற்ற நாட்களில் நானோ அக்காவோ பக்கத்தில் போனால், "ஏட்டி, கைய எடு" என்ற அதட்டல்தான்.

அந்த அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், அது எந்த மொழியில் பிறந்து எப்படி வந்தது என்று அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் போட்டிருக்கும். பெரியப்பா அந்த அடைப்புக்குள் தலையை நீட்டியவரே அல்லர். கௌரவமான சொல் என்றால் லத்தீன், அதைவிடக் கௌரவமானது என்றால் கிரேக்கம் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்ததால், பார்க்க வேண்டிய அவசியம் நேரவில்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டு வயல்காட்டு ஊர்களில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. மாப்பிள்ளை இங்கிலீஷ் படித்த உத்தியோகஸ்தனாக இருக்க வேண்டும். படித்தவன்தானா என்று கண்டுபிடிக்க வழி தெரியாது. ஆகவே பெண் பார்க்க வந்தவனை உட்கார வைத்து, இங்கிலீஷ் தெரிந்த பெரியவர் ஒருவர் கடினமான சொற்களைக் கேட்பார். இதற்கு "வார்த்தை போடுகது" என்று பெயர். சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டும், அது பிறந்த "ஊற்று" சொல்ல வேண்டும். எங்கள் சுற்றுவட்டத்தில் வார்த்தை போடுவதற்குப் பெரியப்பாவை விட்டால் ஆளில்லை. வில்வண்டி அனுப்பி அழைத்துப் போவார்கள். அவர் தலையசைத்தால் தாம்பூலம் மாறும். உதட்டைப் பிதுக்கினால் வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள், மகளைக் கொடுக்கும்போது அந்த அளவுக்குக்கூடச் சிரமப்படவில்லை.

மாப்பிள்ளையை அவர் "கேண்டிடேட்" என்றுதான் சொல்வார். அகராதியின் அடைப்புக்குறியைப் பார்த்தால், பழைய ரோமாபுரியில் பதவி கேட்டு வருகிறவன் வெள்ளை அங்கி உடுத்தி வருவானாம். வெள்ளுடுத்தவன் என்பதே அந்தச் சொல்லின் பிறப்பு. எங்கள் அக்கா பகவதியைப் பார்க்க வந்த மாதேவனும் வெளுத்த வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகத்தான் வந்தார். இந்தப் பொருத்தம் கூடத்தில் இருந்த யாருக்கும் தெரியாது. அந்தச் சொல்லை நாள்தோறும் உருட்டிய பெரியப்பாவுக்கும் தெரியாது.

மாதேவன் மணவாளக்குறிச்சிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய மாமா ஒருவர் மட்டும் கூட வந்திருந்தார். முந்திரிக்கொத்தும் காப்பியும் வைத்தாயிற்று. அக்காவும் நானும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றோம். அக்கா நாகர்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எனக்கு அப்போதுதான் இங்கிலீஷ் எழுத்துகள் பிடிபட்டிருந்தன. பெரியப்பா பொடி போட்டார். தும்மல் அடங்கியது.

"கேட்டமரான். அர்த்தமும் ஊற்றும் சொல்லும்வே, பாப்போம்."

மாதேவன் சிரித்தார். "அது நம்ம கட்டுமரம்தான் மாமா. தடிகளச் சேத்துவச்சு கெட்டுகது. பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில தெனமும் பாக்கேன். வெள்ளக்காரன் நம்மகிட்டேருந்து கேட்டு எழுதிக்கிட்டான்."

"மாமா ஆகதுக்கு இன்னும் நேரம் இரிக்கு வே" என்றார் பெரியப்பா. "மீன்காரன் ஏறிப் போற தடியிலேருந்தா இங்கிலீஷ் வார்த்தை வரும்? கேட்டலாக், கேட்டரேக்ட், கேட்டாஸ்ட்ரஃபி. எல்லாத்துக்கும் தலையில கேட்டா இரிக்கா இல்லியா? கிரீக்கு. கீழேன்னு அர்த்தம். தண்ணிக்குக் கீழே தாந்து போற வள்ளம், அதாக்கும் கேட்டமரான்."

"தாந்து போச்சுன்னா மீன்காரன் கரைக்கு எப்பிடி வருவான், மாமா?"

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தும் அது கூடம் வரை கேட்டது. மாதேவன் கதவைப் பார்த்தார். பெரியப்பாவும் பார்த்தார். அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை, உதட்டைப் பிதுக்கினார். மாதேவனின் மாமா முந்திரிக்கொத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார். "சொல்லி அனுப்புகோம்" என்று அப்பா வாசல் வரை போய் வழியனுப்பினார்.

"ஏட்டி, எனக்கு இவரு மதி, வேற யாரும் வேண்டாம்" என்று அக்கா என் காதில் சொன்னாள். "கூட இருந்தா சிரிச்சிக்கிட்டாவது கெடக்கலாம்." சொல்லிவிட்டு நேரே போய், சாமி படத்தின் கீழிருந்து அகராதியை எடுத்துச் சிவப்புத் துணியைப் பிரித்தாள். பக்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்து, பெரியப்பாவின் முன்னால் விரித்து வைத்தாள்.

"பெரியப்பா, இதுலயும் கட்டுமரம்னுதான் போட்டிரிக்கு. தமிழ்னு போட்டிரிக்கு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அடைப்புக்குறியை, தம் ஆயுளிலேயே முதல் முறையாக, வெகுநேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"அச்சுப்பிழை" என்றார். "பொம்பளப் பிள்ளையப் படிக்க வச்சா இப்பிடித்தான் பெரியவங்கள கேள்வி கேக்கும். ஊற்றுத் தெரியாத பயலுக்குப் பெண்ணு கெடையாது."

அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "அச்சடிச்சவனுக்குத் தெரியாததா இந்தப் பெரியவருக்குத் தெரியும்?" அடுப்புக்கு மட்டுமே கேட்கிற குரல் அது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். "அண்ணன் சொன்னா காரணம் இரிக்கும். மக்கா, புஸ்தகத்த இருந்த எடத்துல கொண்டு வை."

புஸிலானிமஸ் என்றால் கோழை; லத்தீனில் மிகச் சின்ன மனம் என்று பொருள். இதை நான் பின்னால் அந்த அகராதியின் அடைப்புக்குள்தான் படித்தேன். வயலில் படுத்துக்கிடந்த அந்த மாட்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது. மாடு களைத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து வந்தவர் பெரியப்பாவின் பழைய கச்சேரியிலேயே குமாஸ்தா. பெரியப்பா எந்தெந்தச் சொற்களைக் கேட்பார், எதற்கு என்ன பதில் சொன்னால் அவருக்கு மனம் குளிரும் என்பதை யாரிடமோ விசாரித்து, நன்றாக உருப்போட்டுக்கொண்டு வந்திருந்தார். பொடி நெடி அடங்குவதற்கு முன்பே பதில்கள் வந்தன. கேட்டமரான் என்றதும், "கிரீக்கு. கேட்டா என்றால் கீழே" என்றார். பெரியப்பா அவருடைய முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கதவுக்குப் பின்னால் அக்கா சத்தமே காட்டாமல் நின்றாள். அந்த வைகாசியில் கல்யாணம் நடந்தது.

இப்போது யாரும் வார்த்தை போடுவதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் நேராகச் சம்பளத்தைக் கேட்கிறார்கள். அதில் குறைந்தபட்சம் யோக்கியம் இருக்கிறது. பெரியப்பா போய்விட்டார். அப்பாவும் போய்விட்டார். அறைப்புரையைக்கூட இடித்தாயிற்று. நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. சிவப்புத் துணி இற்றுப்போனபின் அகராதி என்னிடம் வந்து சேர்ந்தது. துணி இல்லாமல், கைக்கு எட்டுகிற அலமாரியில் வைத்திருக்கிறேன். மணவாளக்குறிச்சிக் கரையில் கட்டுமரங்கள் தண்ணீருக்கு மேலேதான் போய் வருகின்றன.

போன மாதம் திருவனந்தபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய கடைசி மகன் பள்ளிக்கூடப் பாடத்தை முன்னால் வைத்துக்கொண்டு, "கேட்டமரான் எந்தப் பாஷை வார்த்தைம்மா?" என்று கேட்டான். அக்கா வாயைத் திறப்பதற்குள், சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தான், தலையைத் திருப்பாமலே, "கிரீக்கு. கேட்டா என்றால் கீழே" என்றார்.

பையன் எழுதிக்கொண்டான். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.