என் பெயரைத் தேடியவர்கள்

என் பெயரைப் போனில் தட்டித் தேடினால் முதலில் வருவது வெட்டை நோய். அடுத்து மேகப்புண். அதற்கும் கீழே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் தோல் தொல்லைகள். நடுவில் எங்கோ ஒரு படர்தாமரைக் கட்டுரை என் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றும். இத்தனை வருட உழைப்பில் அச்சில் ஏறியது இவ்வளவுதான். திருநெல்வேலியில் இருக்கும் என் அம்மா, “மக ஹைதராபாத்துல தோல் டாக்டரு” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். மீதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. என் மகளின் வகுப்பில் யாரோ என் பெயரைத் தேடிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். முகப்பருவைப் பற்றி எழுதினால் குறைந்தா போய்விடுவாய் என்று அவள் தெலுங்கில் சண்டைக்கு வந்தாள். நான் தமிழில் திட்டினேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் ஒரே துறை. தலைப்பொடுகுக்கு வந்தவனும் அந்தத் துறையில்தான் உட்கார வேண்டும். அவன் கையில் கொடுக்கும் ஓ.பி. சீட்டின் தலையில் மூன்று பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கும். துறையின் பெயரைச் சுருக்கி அச்சடியுங்கள் என்று நானும் பலமுறை கேட்டுவிட்டேன். நிர்வாகத்துக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை.

அந்தச் சீட்டோடுதான் ஒருத்தி வந்தாள். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். கல்யாணமாகி நாச்சாரத்தில் புருஷன், மாமியார், கொழுந்தனோடு இருந்தாள். நான் தமிழில் பேசியதும் அவள் முகம் தெளிந்தது.

“ஹவ் மேடம், ஆமா, தமிழ்தான். இதையெல்லாம் தெலுங்குல சொல்ல வெக்கமா கீது” என்றாள்.

அரிப்பு என்றாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த களிம்பையெல்லாம் தடவிப் பார்த்திருக்கிறாள். ராத்திரியில் தூக்கமில்லை. புருஷன் பக்கத்தில் வந்தால் வலியில் உயிர் போகிறது. மாமியார் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்தக் காரணத்தைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பரிசோதித்துப் பார்த்தேன். பிறப்புறுப்பின் தோல் வெளுத்து, மெலிந்து, சுருங்கத் தொடங்கியிருந்தது. உடம்பே தன் தோலைத் தாக்கிக்கொள்ளும் ஒரு நோய் அது. யாரிடமிருந்தும் வராது, யாருக்கும் போகாது. விடாமல் களிம்பு போட்டால் அடங்கிக் கிடக்கும். விட்டுவிட்டால் வடுவாகி ஒட்டிக்கொள்ளும். சிலருக்குப் பிற்பாடு புற்றாகவும் மாறும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். யாருக்கும் தொற்றுவதில்லை என்பதை மட்டும் அவள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

களிம்பு கேட்டது. அடுத்தடுத்த வருகைகளில் அவள் கன்னத்தில் சதை பிடித்தது. தூங்குகிறேன் மேடம் என்று ஒருநாள் சிரித்தபடி சொன்னாள். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய கூலி கிடையாது. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பிறகு ஒருநாள் அவளோடு புருஷனும் கொழுந்தனும் வந்தார்கள். புருஷன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கொழுந்தன் படித்தவன். பேகம்பேட்டில் ஏதோ ஆபீஸில் வேலை. வீட்டில் கிடந்த ஓ.பி. சீட்டைப் படித்துவிட்டு என் பெயரைத் தேடியிருக்கிறான். போனை என் மேஜையில் வைத்தான். என் கட்டுரைகளின் வரிசை அதில் இருந்தது. வெட்டை, மேகப்புண், எச்.ஐ.வி.

“மேடம், நீங்க இந்த நோய்க்குத்தானே டாக்டரு? அண்ணிக்கு அது இல்லன்னா உங்ககிட்ட ஏன் வரணும்?” என்றான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் அடக்கிக்கொண்டேன். இவளுக்கு இருக்கும் நோயைப் பற்றியே நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அந்த இடத்தில் வருவதெல்லாம் ஒட்டுநோய் அல்ல என்பதுதான் அதன் சாரமே. படித்தவன்தானே, கண்ணால் பார்த்தால் நம்புவான் என்று கம்ப்யூட்டரில் அதைத் திறந்து திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

அவன் கட்டுரையைப் படிக்கவில்லை. பக்கத்தின் உச்சியில், நீலப் பட்டையில், இதழின் பெயர் இருந்தது. பால்வினை நோய்களுக்கான இதழ்.

அது அங்கே போய்ச் சேர்ந்ததற்கும் ஒரு கதை உண்டு. முதலில் தோல் இதழ்களுக்குத்தான் அனுப்பினேன். இடுப்புக்குக் கீழே என்றால் அது எங்கள் வேலையல்ல, பால்வினை இதழுக்கு அனுப்புங்கள் என்று திருப்பிவிட்டார்கள். எங்கள் உலகத்தில் அதுதான் வழக்கம். நோய் என்னவென்று யாரும் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்த்துப் பங்கு பிரித்துவிடுவோம். ஒட்டாத நோயைப் பற்றிய கட்டுரை ஒட்டுநோய் இதழில் வருவதை எங்களில் யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. அன்றைக்குத்தான் அந்த நீலப் பட்டையை வெளியாள் ஒருவனின் கண்ணால் பார்த்தேன்.

“புத்தகத்துப் பேரே இப்படி இருக்கே மேடம்.”

“கட்டுரையோட தலைப்பைப் படிங்க. பால்வினை அல்லாதன்னு முதல் வார்த்தையிலேயே போட்டிருக்கு.”

“அது நீங்க வச்ச பேரு. புத்தகத்துக்கு பேரு வச்சது பெரியவங்கதானே?”

விடிய விடிய ராமாயணம் கேட்டுவிட்டுச் சீதைக்கு ராமன் சித்தப்பா என்றானாம். ஆனால் இவன் மடையனில்லை. அதுதான் என்னை வதைத்தது. இவனுக்குத் தெரிந்ததை வைத்து ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டிருந்தான்.

புருஷனுக்கும் அவளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்றேன். செய்தோம். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. இனி என்ன பேசுவான் என்று முடிவை நீட்டினேன். மாமியாரும் அன்று வந்திருந்தாள். பையனுக்கு ஒன்றுமில்லை என்றதும் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு மருமகளைத் திரும்பிப் பார்த்து, “எம்புள்ள சுத்தமா இருக்கான். அப்போ இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?” என்றாள். இவளுக்கும் இல்லை என்று அடுத்த தாளைக் காட்டினேன். அதற்குக் கொழுந்தனிடம் பதில் இருந்தது. “உங்ககிட்ட மருந்து போட்டு இப்போ போயிருக்கும்.”

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். நான் சொன்ன ஒவ்வொரு உண்மையும் அவள் கழுத்தில் இன்னொரு சுருக்காக விழுந்தது. போகும்போது, “நக்கோ மேடம், வேணாம், உடுங்க” என்றாள் மெதுவாக. அந்த மாதமே அவளை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அவளும் வருவதை நிறுத்திவிட்டாள். சீட்டிலிருந்த நம்பருக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை.

எனக்குப் பேராசிரியர் பதவி வந்தது. அதற்குக் காட்டிய கட்டுரைகளில் கொழுந்தனிடம் காட்டியதும் ஒன்று. பாராட்டிப் பேசிய துறைத் தலைவர் அதைத்தான் எடுத்துச் சொன்னார். அவர் பெயரும் அதில் இருந்தது. எங்கள் துறையில் யார் எது எழுதினாலும் தலைவர் பெயரைச் சேர்ப்பது கோயிலில் முதல் மரியாதை கொடுப்பதைப் போல. சைனிக்புரியில் இருக்கும் என் வீட்டுக்கு இனிப்போடு போனேன். நான் அதைத் தொடவில்லை.

சில வருடங்கள் கழித்து அவள் வந்தாள். ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை செய்வதாகச் சொன்னாள். அம்மா போய்விட்டாள். புருஷனுக்கு வேறு கல்யாணமாகிவிட்டது. பழைய ஓ.பி. சீட்டை நீட்டினாள். அதன் தலைப்பகுதியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்திருந்தாள். வெட்டிய சீட்டுக்கு எந்தக் கடையிலும் களிம்பு தரவில்லையாம். முழுச் சீட்டு வாங்க இங்கே வந்திருக்கலாமே என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அது அவளுக்குத் தெரியாததா?

படுக்கச் சொல்லிப் பார்த்தேன். தோல் மொத்தமும் ஒட்டி இறுகிக் கிடந்தது. ஒரு ஓரத்தில் ஆறாத புண். தொட்டபோதே தெரிந்துவிட்டது. ஆனாலும் சதையெடுத்து அனுப்பினேன், முடிவும் அப்படியே வந்தது. புற்று. அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கொடுக்கும்போது கேட்டாள்:

“அன்னிக்கு எங்க கொழுந்தனுக்குக் காட்டினீங்களே, அந்தப் புத்தகத்துல என்னைப் பத்தியா மேடம் போட்டிருந்தீங்க?”

“இல்லம்மா. அது உனக்கு முன்னாடி வந்தவங்களைப் பத்தி.”

“என்னைப் பத்தியும் எழுதுங்க மேடம். எனக்கு எங்கேர்ந்தும் வரலன்னு எழுதுங்க. ஆனா வேற புத்தகத்துல. மேல அந்தப் பேரு இல்லாத புத்தகத்துல.”

“எழுதுறேன். அதை யாரும்மா படிக்கப்போறாங்க?”

“எங்க கொழுந்தன் தேடுவாரு மேடம். உங்க பேரைப் போட்டுத் தேடுவாரு.”

எழுதினேன். வாழ்நாளில் எதையும் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை. பெயர் இல்லை, ஊர் இல்லை, முகம் இல்லை. சிகிச்சையை விட்ட காரணத்தை மட்டும் ஒளிக்காமல் எழுதினேன். துறைத் தலைவர் பெயரைச் சேர்க்கவில்லை, அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டேன். பெண்கள் நலத்துக்கான ஒரு இதழுக்கு அனுப்பினேன். அறுவை முடிந்து அவள் ஒவ்வொரு முறை காட்ட வரும்போதும், “வந்துச்சா மேடம்?” என்பாள். வரும் என்பேன். நானே அதை நம்பவும் தொடங்கியிருந்தேன்.

போன வாரம் இரண்டு பதில்கள் வந்தன. அவளுடைய ஸ்கேனில் புற்று இடுப்புக்குள் பரவியிருந்தது. இனி அறுக்க ஒன்றுமில்லை என்று அறுவைப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். இதழிலிருந்து மரியாதையான ஒரு மின்னஞ்சல். கட்டுரை நன்றாக இருக்கிறதாம். ஆனால் இதற்குப் பொருத்தமான இடம் பால்வினை நோய் இதழ்தானாம்.

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். எடை மிகவும் குறைந்திருந்தது. நான் ஸ்கேன் படத்தை உறையிலிருந்து எடுத்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

“அது கெடக்கட்டும் மேடம்” என்றாள். “புத்தகம் வந்துச்சா?”