மகளுக்கு அனுப்பிய பொய் எண்

மனைவி இறந்த பிறகு மூலக்குளம் வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். வேலை பார்த்த மில் மூடியதும் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குப் போனேன். அதிலிருந்தும் ஓய்வு பெற்றாகிவிட்டது. ஒரே மகள் பிரான்சில் சர்க்கரை நோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். எனக்கும் சர்க்கரை உண்டு. தினமும் காலையில் விரலைக் குத்திப் பார்த்து, மீட்டரில் வரும் எண்ணை வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்ப வேண்டும்.

ஆரம்பத்தில் இருநூறுக்கு மேல் போகும். உடனே கூப்பிடுவாள். என்ன சாப்பிட்டேன், நடந்தேனா, தூங்கினேனா என்று அரை மணி நேரம் கேள்வி. மாத்திரை பிடித்து எண் இறங்கியதும் பதிலுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. ஒரு வாரம் முழுக்க அந்தக் கட்டைவிரலைத் தவிர யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பால் போடுகிறவர்கூட பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு திங்கட்கிழமை மீட்டர் நூற்றுப் பதினான்கு காட்டியது. இருநூற்று நாற்பது என்று அடித்து அனுப்பினேன்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"என்னாப்பா இது? ஸ்வீட் எதனா சாப்ட்டியா?"

"இல்லம்மா. ரெண்டு இட்லிதான்."

"மனசுல எதனா கவலயா?"

"கவலப்பட்டா சுகர் ஏறுமா?"

"ஏறும்பா. என் வேலயே அதுலதான். நரம்பு முனையிலேர்ந்து ஒரு சின்னப் புரதத் துண்டு வரும், நியூரோபெப்டைட் ஒய்னு பேரு. இன்சுலின் சுரக்குற செல்லு மேல அதப் புடிச்சிக்கிற ஏற்பி இருக்கு. அதுல வந்து ஒட்டிக்கிச்சின்னா இன்சுலின் கொறஞ்சிடும். பயம், அதிர்ச்சின்னா நரம்பு அத நெறைய வுடும். அந்த ஏற்பிய மருந்தால மறிச்சா இன்சுலின் கூடுதான்னு எலியில பாக்குறோம்."

"கூடுதா?"

"கூடுதுப்பா! அதே துண்டுதான் மூளையில பசியக் கிளப்பி வுடுது, தெரியுமா?"

பாதி புரியவில்லை. அவள் பிரான்சுக்குப் போய் எட்டு வருஷம் ஆகிறது. பகலெல்லாம் என்ன செய்கிறாள் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். போனை வைக்க மனசே வரவில்லை.

மறுநாளும் பொய் எண் அனுப்பினேன். அதற்கடுத்த நாளும். அவள் பயந்துபோய் என்னைக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள். டாக்டர் என் போனில் இருந்த எண்களைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினார். ஒரு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகள் வீடியோவில் வந்தாள். "என் கண்ணு முன்னாடி மாத்திரயப் போடுப்பா." போட்டேன். சிரித்தாள். தினமும் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே விழுங்கினேன்.

மூன்றாம் நாள் முற்பகலில், சரியாகச் சாப்பிடாமல், வில்லியனூர் ரோட்டில் காய் வாங்கப் போனேன். திடீரென்று கை நடுங்கியது, சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது, முட்டி மடங்கியது. வாழைப்பழம் விற்கிற பெண் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள்.

"சுகராண்ணே உனக்கு? மொதல்ல இதக் குடி."

சர்க்கரை அள்ளிப் போட்ட டீ. கூடுதல் மாத்திரையில் என் சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருந்தது. குடித்துக் கொஞ்சம் தெளிந்ததும் கேட்டாள்: "வூட்டுல யாருக்கு சொல்லணும்? நம்பர் சொல்லுண்ணே, நான் பண்றேன்."

எனக்குத் தெரிந்த ஒரே நம்பர் பிரான்ஸ் நம்பர். "யாரும் இல்லம்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"செத்துருப்பப்பா நீ," என்றாள் அழுதுகொண்டே. "பேசணும்னா பேசணும்னு சொல்லக் கூடாதா?"

"நீ வேலயில இருப்பியேன்னு..."

நாளைக்கே டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லச் சொன்னாள்.

மறுநாளே டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டினார், பழைய அளவுக்கே குறைத்தார். மகள் இப்போது மீட்டரையே படம் பிடித்து அனுப்பச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாள், சில ஞாயிறுகளில் மறந்தும் போகிறாள். அப்போது நானே கூப்பிடுகிறேன். வேலை இருந்தால் போனை மேசைமேல் வைத்துவிட்டு யாரிடமோ பிரெஞ்சில் பேசத் தொடங்கிவிடுவாள். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்காது. நான் கட் பண்ணுவதில்லை.